ஊருக்கெல்லாம் இருமியவர்

துருத்தி என்றால்தான் அவரை எல்லோருக்கும் தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. யாராவது அதைச் சொல்லிக் கூப்பிட்டால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவர் பாட்டுக்குப் போய்க்கொண்டிருப்பார். கல் உடைக்கும் கிரஷருக்குத் தண்ணீர் லாரி ஓட்டுகிறவர். ஐம்பதைத் தாண்டிய பிறகும் நெஞ்சு மட்டும் நிமிர்ந்தே இருக்கும். இளவட்டமாக இருந்தபோது லாரி டியூபை வாயாலேயே ஊதி நிமிர்த்தினார் என்று ஒரு கதை உண்டு. பார்த்தவர் யாரும் இல்லை, சொல்லாதவரும் யாரும் இல்லை. அவரும் அதை மறுத்ததில்லை. பெருமைப்பட்டுக்கொள்ள அவரிடம் வேறு என்ன இருந்தது?

கிரஷர் மலைமேல் இருந்தது. அதை ஒட்டித் தகரக் கூரை போட்ட வரிசை வீடுகள், கிரஷர்க்காரர்கள் கட்டிக் கொடுத்தவை. வேலை இருக்கும் வரைக்கும் வீடு. வேலை போனால் சட்டிப்பானையைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்க வேண்டியதுதான். நாள் முழுக்கப் புழுதி. கொடியில் காயும் துணி, குழந்தைகளின் தலைமுடி, ஆண்களின் இமை எல்லாம் ஒரே சாம்பல் நிறம். மெஷின்மேல் தண்ணீர் தெளித்தால் பாதிப் புழுதி அடங்கிவிடும். ஆனால் பெல்ட்டில் சேறு பிடிக்கும், வேலை நிற்கும் என்று அதைச் செய்யவில்லை. ஆபீஸ்காரர்களின் ஜீப் வருகிற பாதைக்கு மட்டும் துருத்தி தெளிப்பார்.

அவர் நெஞ்சு கெடாமல் இருந்ததற்குக் காரணம் புண்ணியம் எதுவும் இல்லை. பாதி நாள் கீழே ஆற்றில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருப்பார். மீதி நாள் லாரிக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவ்வளவுதான் விஷயம்.

அப்படி இருக்கையில்தான் போன் வந்தது. மாதம் ஒருமுறை ஜீப்பில் ஒரு நர்ஸ் மேலே வருவார். கையில் ஒரு போன். அதன் முன்னால் மூன்று தடவை இருமி, ஒரு தடவை நீளமாக ஊத வேண்டும். நெஞ்சுக்குள் புழுதி படிந்திருக்கிறதா, சளிநோய் தொடங்கியிருக்கிறதா என்று அது கேட்டே கண்டுபிடித்துவிடும். பச்சை வந்தால் ஒன்றும் இல்லை. சிவப்பு வந்தால் ஆம்புலன்ஸ் வந்து கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும், கட்டில் காத்திருக்கும், வைத்தியம் இலவசம். முற்றுவதற்கு முன்னால் பிடித்துவிட்டால் ஆள் பிழைத்துக்கொள்ளலாம். நல்ல ஏற்பாடுதான், யாரும் குறை சொல்ல முடியாது.

முதல் மாதம் இரண்டு பேருக்குச் சிவப்பு வந்தது. இரண்டு பேரும் போனார்கள், வைத்தியம் பார்த்துக்கொண்டு முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஊறித் திரும்பி வந்தார்கள். மேஸ்திரி கேட்டிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"நெஞ்சு கெட்டவனுக்கு இங்க என்ன வேலை? நாளைக்கு மெஷின் பக்கத்துல விழுந்து செத்தா யாரு பதில் சொல்றது?"

சோதனை முடிவு யாருக்கும் தெரியாது, எல்லாம் ரகசியம் என்று நர்ஸ் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லியிருந்தார். ஆம்புலன்ஸ் என்ன ரகசியமாகவா மலை ஏறும்? இரண்டு குடும்பமும் அன்றைக்கே இறங்கிப் போயின. அதற்குப் பிறகு அந்த வரிசை வீடுகளில் யாருக்கும் நோய்மேல் பயம் இல்லை, சிவப்புமேல்தான் பயம்.

துருத்தியிடம் முதலில் வந்து நின்றவர் நெட்டை. பாறையில் துளை போடுகிறவர், துருத்தியோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர். உயரத்துக்குக் கூன் போட்டு நடந்தவர், கொஞ்ச நாளாக இருமுவதற்காகவும் கூன் போட்டார்.

"இந்தத் தடவை எனக்குச் சிவப்புதான்யா," என்றார். "மூணு பொண்ணுங்களையும் கூட்டிக்கிட்டு நான் எங்க போவேன்?"

"அதுக்கு நான் என்ன பண்ண?"

"உன் நெஞ்சைக் கொஞ்சம் குடேன்."

துருத்தி விழுந்து விழுந்து சிரித்தார். நெட்டை சிரிக்கவில்லை. வழியை ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தார். இருமும்போது நோய் தொற்றும், ஆகவே நர்ஸ் பக்கத்தில் நிற்கக் கூடாது என்பது மேலிடத்து உத்தரவு. வெளியே கிரஷர் சத்தத்தில் போனுக்குக் காதும் கேட்காது. ஆகவே நர்ஸ் சிமெண்ட் குடோன் வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்து, முகத்தைப் படம் பிடித்துவிட்டுப் போனைக் கையில் கொடுப்பார். ஆள் குடோனுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு இருமிவிட்டு வர வேண்டும். குடோனுக்குப் பின்கதவு ஒன்று உண்டு. அதை ஒட்டித்தான் துருத்தி லாரியை நிறுத்தி டிரம்களில் தண்ணீர் நிரப்புவார்.

அந்த மாதம் மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த துருத்தி, நெட்டை நீட்டிய போனில் கணீர் என்று இருமினார். நீளமாக ஊதினார். போனுக்குள் இருந்த பெண்குரல் குழைந்தது: "வாழ்த்துகள். உங்கள் நுரையீரல் நலமாக உள்ளது. அடுத்த மாதம் சந்திப்போம்." நெட்டை அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

இந்த மாதிரி விஷயம் ஒரு வாயோடு நிற்குமா? அடுத்த மாதம் ஆறேழு பேர், அதற்கடுத்த மாதம் வரிசை முழுக்க. நன்றாக இருந்தவர்களும் வம்பு எதற்கு என்று அவரிடமே கொடுத்தார்கள். துருத்தி யாரிடமும் கைநீட்டிக் காசு வாங்கவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். அவர் வாங்கிக்கொண்டது மரியாதை. அதுவரை "யோவ், தண்ணி" என்றவர்கள் "அண்ணே" என்றார்கள். டீக்கடை பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார்கள். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு அவருக்கு வாய்த்த முதல் சந்தோஷம் அது. மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த நேரத்தில்தான் மகளுக்குக் கல்யாணம் முடித்து, மாப்பிள்ளையையும் கிரஷரிலேயே சேர்த்துவிட்டார். சல்லடைப் பக்கம் வேலை, புழுதி கொட்டுகிற இடம். மாப்பிள்ளை அதிகம் பேசாத ஆள். கல் மாதிரி உடம்பு. முதல் மாதச் சோதனைக்குப் போனோடு குடோனுக்குள் வந்தபோது, "எனக்கு ஒண்ணும் இல்லையே மாமா, நானே இருமிக்கறேனே" என்றார்.

"நல்லாச் சொன்னீங்க போங்க. ஊருக்கெல்லாம் இருமறேன், வீட்டு மாப்பிள்ளைக்கு இருமலைன்னா நாலு பேர் என்ன பேசுவாங்க? குடுங்க இப்படி."

மாப்பிள்ளை கொடுத்தார். பெரியவர்களை எதிர்த்துப் பேசிப் பழக்கம் இல்லை. அவருடைய சொந்த மூச்சு ஒரு தடவைகூட அந்தப் போனுக்குள் போகவில்லை.

கீழே இருந்த அதிகாரிகளுக்கும் தலைகால் புரியவில்லை. கல் உடைக்கிற இடத்தில் இப்படி ஒரு ஆரோக்கியமா என்று அதிசயப்பட்டார்கள். ஜீப்பில் வந்து வரிசை வீடுகளைப் படம் பிடித்தார்கள். தடுப்புத் திட்டத்தின் வெற்றி என்று மேஸ்திரிக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். வாங்கும்போது மேஸ்திரி இருமினார். யாருக்கும் அது வினோதமாகப் படவில்லை.

நெட்டை அந்த வருஷம் செத்துப்போனார். வேலை செய்துகொண்டிருந்தவர் டிரில்லைக் கீழே வைத்துவிட்டு, பாறையில் சாய்ந்து உட்கார்ந்து, அப்படியே. அந்த மாதம் மேலே வந்த நர்ஸ் அவர் படத்தைப் போனில் பார்த்துக்கொண்டே நின்றார்.

"போன மாசம்கூடப் பச்சைதானே? எனக்கு ஒண்ணும் புரியலையே."

வரிசையில் நின்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். துருத்தி டிரம்மில் தண்ணீர் வழிவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு மனசு உறுத்தியது என்று எழுத எனக்கும் ஆசைதான். உறுத்தவில்லை, பயந்தார். நெட்டையின் மனைவி ஏதாவது உளறிவிடுவாளோ என்று பயந்தார். அவள் உளறவில்லை. மூன்று பெண்களோடு கீழே இறங்கிப் போகும்போது அவரிடம் மட்டும் சொல்லிக்கொள்ளாமல் போனாள். அன்றைக்கும் வரிசை முழுக்கப் பச்சை.

அதற்கடுத்து வந்தபோது நர்ஸ் எல்லோரையும் கூட்டிவைத்துச் சொன்னார்: "போன்ல புதுசா ஒண்ணு சேர்த்திருக்காங்க. இனிமே உங்க இருமலை உங்களோட போன மாச இருமலோட ஒத்துப் பாக்கும். ஆளை மாத்தி இருமினா கண்டுபிடிச்சிடும். ஜாக்கிரதை."

முதலில் எல்லோரும் பயந்தார்கள். பிறகு ஒவ்வொருவராகச் சிரிக்க ஆரம்பித்தார்கள். பழைய இருமல் யாருடையது? அண்ணனுடையது. புது இருமல்? அதுவும் அண்ணனுடையதுதான். அண்ணன் இருக்கிறவரைக்கும் நமக்கென்ன? அன்றிலிருந்து துருத்தியைக் கைக்குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டார்கள். மழையில் நனையாதீங்க அண்ணே, சுடுதண்ணியே குடிங்க அண்ணே. யாரோ ஒருவன் தன் மனைவியிடம் சொல்லிக் கழுத்துக்குக் கம்பளித் துண்டு பின்னிக் கொடுத்தான். அவர் ஒருமுறை தும்மியபோது டீக்கடையே அமைதியாகிவிட்டது.

அந்தத் துண்டைப் பின்னிக்கொண்டிருந்த நாட்களில் மாப்பிள்ளை இருமத் தொடங்கினார்.

முதலில் காலையில் மட்டும். பிறகு பேசினால். பிறகு படி ஏறினால். தோள் எலும்பு சட்டைக்கு மேலாகவே தெரிந்தது. மகள் அவரைக் கீழே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். வரிசையில் நின்று கவுண்டருக்குப் போனதும் பெயரைத் தட்டிப் பார்த்தார்கள். கிரஷர் ஆளா, போன் பச்சை என்று சொல்கிறதே, பிறகென்ன? ஒரு பாட்டில் இருமல் மருந்து கொடுத்து அனுப்பினார்கள். மறுபடி போனாள். இன்னொரு பாட்டில். போன் சிவப்புக் காட்டி அனுப்பினால்தான் கட்டில்.

மகள் அப்பாவைத் தேடி லாரிக்கு வந்தாள்.

"அப்பா, இந்த மாசம் அவருக்கு நீ இருமாதே. அவரே இருமட்டும்."

"சிவப்பு வந்துடும்மா."

"வரணும்னுதானே சொல்றேன்."

"வேலை போயிடும். வீட்டைக் காலி பண்ணச் சொல்லுவாங்க."

"சொல்லட்டும். எனக்கு ஆள் வேணும்ப்பா, வீடு வேணாம்."

துருத்தி தலையாட்டினார். உள்ளுக்குள் நிம்மதியாகக்கூட இருந்தது. ஒரு ஆளை அனுப்பிவிட்டு மற்றவர்களுக்கு வழக்கம்போல இருமிவிடலாம், எதுவும் கெட்டுப்போகாது என்று கணக்குப் போட்டார். புதிதாகச் சேர்த்த சங்கதிக்கு என்ன அர்த்தம் என்று அவரும் யோசிக்கவில்லை, மகளும் யோசிக்கவில்லை, அந்த வரிசையில் ஒரு ஆள்கூட யோசிக்கவில்லை.

சோதனை நாளன்று மகள் ஒரு பையில் மாற்றுத்துணி, டம்ளர், போர்வை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு குடோன் சுவரோரம் வந்து நின்றாள். ஆம்புலன்ஸ் வந்ததும் ஏறிவிட வேண்டும் என்று தலையை வாரிப் பின்னியிருந்தாள். மேஸ்திரியும் அன்றைக்கு மேஜை அருகே நின்றார். ஆள் மாற்றம் நடந்தால் பார்த்துப் பிடிக்கச் சொல்லி ஆபீஸ் உத்தரவு. அதற்காகக் கிரஷரையும் நிறுத்தி வைத்திருந்தார்கள்.

துருத்தி மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். முன்னால் வந்தவர்களுக்கெல்லாம் இருமி முடித்தார். மாப்பிள்ளை போனோடு உள்ளே வந்து கதவைச் சாத்தினார். துருத்தி இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு ஒதுங்கினார்.

மாப்பிள்ளை இருமினார். இரண்டாவது இருமலிலேயே உடம்பு மடிந்து மூட்டையைப் பிடித்துக்கொண்டார். மூன்றாவது வர நேரமாயிற்று. ஊதியபோது காற்று வரவில்லை, ஏதோ உள்ளே உரசுகிற சத்தம்தான் வந்தது. இரண்டு பேரும் சிவப்புக்காகக் காத்திருந்தார்கள்.

"இது பதிவில் உள்ளவரின் இருமல் அல்ல," என்றது அந்தப் பெண்குரல். "உரியவரை அழைக்கவும்."

மாப்பிள்ளை போனைத் திருப்பிப் பார்த்தார். மறுபடி இருமினார். மறுபடி அதே பதில், அதே இனிமை. போனோடு வெளியே போனார். துருத்தி கதவிடுக்கில் காதை வைத்தார்.

"யாருடா நீ?" என்றது மேஸ்திரியின் குரல்.

"என்னைத் தெரியாதாண்ணே? நீங்கதானே வேலைக்குச் சேர்த்தீங்க."

"அப்ப போன் பொய் சொல்லுதா? யாருக்குப் பதிலாடா வந்து இருமற?"

"எனக்குப் பதிலா நானேதான்," என்றார் மாப்பிள்ளை. வரிசையில் ஒருவன் சிரித்துவிட்டு உடனே நிறுத்திக்கொண்டான்.

நர்ஸ் குறுக்கே பேசினார். "இருங்க. இன்னும் ஒரு தடவைதான் விடும். அதுலயும் ஒத்துப்போகலைன்னா பேரையே எடுத்துடும். பேர் போச்சுன்னா கீழே ஆஸ்பத்திரியிலயும் சேர்க்க மாட்டாங்க." பிறகு குரலைத் தாழ்த்தினார். "இதுக்கு முன்னாடி வேற யாராவது இவருக்காக இருமியிருந்தா இப்பவே சொல்லிடுங்க. பழைய பதிவை அழிச்சிட்டு இவரோடதைப் புதுசா எடுத்துக்கறேன். இன்னைக்கே கூட்டிட்டுப் போயிடலாம். அந்த ஆள் வந்து ஒரு வார்த்தை சொன்னா போதும்."

வழி இருந்தது. கதவு இருந்தது, அதைத் தள்ளினால் திறக்கும். துருத்தி கதவில் கை வைத்துக்கொண்டு நின்றார். மாப்பிள்ளை நினைத்திருந்தால் அவரைக் கைகாட்டியிருக்கலாம். காட்டவில்லை. மாமா தானாக வருவார் என்று காத்திருந்தார். அவ்வளவு நம்பிக்கை வைப்பதற்கு அந்த மனுஷன் என்ன பார்த்துவிட்டார் இவரிடம் என்று தெரியவில்லை.

பின்கதவு மெல்லத் திறந்தது. கம்பளித் துண்டு கொடுத்தவன் தலையை நீட்டினான்.

"அண்ணே, வாயைத் திறந்துடாதீங்கண்ணே. மேஸ்திரி நிக்கறான். ஒருத்தர் விடாம இறக்கிடுவான். நாங்க பிள்ளைகுட்டிக்காரங்க."

மகளும் பிள்ளைதானே என்று துருத்தி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. முன்கதவு திறந்து மாப்பிள்ளை மறுபடி உள்ளே வந்தார், கையில் அந்தக் கடைசித் தடவை.

"மாமா," என்றார் மூச்சு வாங்க. "நீங்க வெளிய வந்து நின்னா போதும். பேசக்கூட வேணாம்."

துருத்தி எழுந்தார். மாப்பிள்ளையின் கையிலிருந்து போனை எடுத்தார். தருவதற்கு மாப்பிள்ளைக்கு மனம் இல்லை, பிடித்துவைக்கத் தெம்பும் இல்லை. பேர் போய்விட்டால் ஆஸ்பத்திரி அடியோடு போய்விடும், பேர் இருந்தால் அடுத்த மாதம் ஏதாவது செய்யலாம், நர்ஸைத் தனியாகப் பார்த்துப் பேசலாம் என்று பின்னால் துருத்தி பலரிடம் சொன்னார். பொய். அந்த நேரத்தில் அவர் நினைத்தது டீக்கடை பெஞ்சைத்தான். நாளைக்குக் காலையில் அங்கே போய் எப்படி உட்காருவது என்றுதான் நினைத்தார்.

இருமினார். மூன்று தடவை, கணீர் என்று. நீளமாக ஊதினார்.

"வாழ்த்துகள். உங்கள் நுரையீரல் நலமாக உள்ளது. அடுத்த மாதம் சந்திப்போம்."

மாப்பிள்ளை மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். சிமெண்ட் தூள் எழும்பியது, அதற்கு இருமல் வந்தது, அதைக் கேட்பதற்கு இப்போது போன் தயாராக இல்லை. துருத்தியே போனை அவர் கையில் திணித்து, தோளைப் பிடித்துத் தூக்கி, கதவுவரை நடத்திவிட்டார்.

வெளியே நர்ஸ் திரையைப் பார்த்தார், பச்சை. மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். குடோன் கதவையும் ஒருமுறை பார்த்தார். பச்சை வந்த ஆளுக்கு ஆம்புலன்ஸ் கூப்பிட அவருக்கு அனுமதி கிடையாது. "அடுத்தவர் வாங்க," என்றார். வரிசை ஒரு அடி முன்னால் நகர்ந்தது. மேஸ்திரி மாப்பிள்ளையின் முதுகில் தட்டினார். "நல்லாத்தானே இருக்க? போ, சல்லடைக்குப் போ. பாதி நாளை வீணாக்கிட்ட."

துருத்தி மிச்சம் இருந்தவர்களுக்கும் இருமி முடித்துவிட்டுத்தான் வெளியே வந்தார். லாரியில் ஏறிச் சாவியைத் திருப்பியபோது மகள் வந்து கதவருகே நின்றாள். பை இன்னும் தோளில் தொங்கியது. அவள் அழவும் இல்லை, கத்தவும் இல்லை. சுவரோரம் நின்றவளுக்குப் போனின் குரலுக்கு முன்னால் வந்த அந்த இருமல் யாருடையது என்று தெரியாதா? பிறந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிற இருமல்.

"அப்பா, ராத்திரியில அவரால படுக்க முடியல. உக்காந்தே இருக்கார். இனிமே மூச்சு முட்டும்போது உன்னைக் கூப்பிடறேன். வந்து அவருக்குப் பதிலா நீயே மூச்சு விட்டுட்டுப் போ."

துருத்தி ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து கிரஷர் மறுபடி ஓடத் தொடங்கியது, சல்லடைப் பக்கமிருந்து புழுதி கிளம்பி வந்தது. மகள் அங்கேயே நின்றாள். அவர் கண்ணாடியை ஏற்றினார்.